கோலத்தில் நுரைத்த தண்ணீர்

அத்தியாயம் 9

ஏலவார்குழலி டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தால், அன்றைக்கு மதியச் சாப்பாடு கிடையாது என்று அர்த்தம். உதவியாளனாக வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே தாண்டவராயன் பட்டுத் தெரிந்துகொண்ட உண்மை இது. ஒரகடம் மேம்பாலத்தின் நிழலில் இருந்த டீக்கடை பெஞ்சில் அவன் பசியோடு நெளிந்தான்.

"மேடம், ஆறிப்போச்சுன்னா சொல்லுங்க. வீணாக்க வேணாம், நான் குடிச்சிடறேன்."

"தாண்டவம், வெடி வெடிச்ச அன்னைக்கு அந்தக் கம்பெனியில காலையில டீயே வரலைன்னு கேன்டீன் மாஸ்டர் புலம்பினாரே. ஏன் வரலை?"

"பாய்லர் ரிப்பேரு. ஸ்டீம் இல்லாம அவங்க கேன்டீன்ல பால் காயாது. பாவம், டீ இல்லாம மனுஷன் எப்டி வேலை செய்வான்?"

"பாய்லர் எப்ப சரியாச்சு?"

"மறுநாளுதான். அதுக்குள்ள ஷெட்டே..." தாண்டவராயன் பாதியில் நிறுத்தினான். வடையை நோக்கிப் போன கை தானாகத் திரும்பி வந்தது.

"அன்னைக்கு முழுக்கக் கம்பெனியில ஸ்டீமே கிடையாது" என்றாள் ஏலவார்குழலி. "ஆனா மாரிசெல்வம், 'நான்தான் ஸ்டீமைக் கூட்டினேன், அதனாலதான் ரியாக்டர் வெடிச்சுது'ன்னு போலீஸ்ல சொல்லியிருக்கான். இல்லாத ஸ்டீமை எப்படிக் கூட்டினான்?"

விஷயம் இதுதான். ஒரகடத்தில் ஒரு சின்னக் கெமிக்கல் கம்பெனி. அங்கே ரியாக்டர் என்று சொல்லப்படும் பெரிய மூடிய பாத்திரம் வெடித்து, அருள்பாண்டி என்கிற பையன் செத்துப்போனான். கூட வேலை செய்த மாரிசெல்வம் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், வாசலில் போலீஸ் காவல். இரண்டு பேரும் கோவில்பட்டிப் பக்கத்து ஒரே தெருக்காரர்கள், அருள்பாண்டி மனைவியைக் கூட்டிவரத் தனி வீடு பார்க்கும் வரை இங்கே ஒரே ரூம். மாரிசெல்வத்தின் அக்கா பூமாரி, ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி லைனில் நிற்பவள், தம்பி அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்லிக்கொண்டு படப்பையில் இருந்த ஏலவார்குழலியின் ஆபீஸ் படியேறினாள். தம்பியோ, நாளைக் காலையில் மாஜிஸ்ட்ரேட் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொள்ளப்போகிறானாம். வக்கீலே வேண்டாம் என்கிறானாம். நாளைக்கு அவன் தலையை ஆட்டிவிட்டால், பிறகு யார் என்ன சொல்லியும் பயனில்லை.

"சரி, ஸ்டீம் இல்ல. அப்ப எது வெடிச்சுது?"

ஏலவார்குழலி எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள். காஞ்சிபுரத்தில் கொஞ்ச காலம் பாடம் நடத்திவிட்டு, பிள்ளைகளைவிடத் திருடர்கள் கவனமாகக் கேட்கிறார்கள் என்று தொழில் மாற்றிக்கொண்டவள். எதிரே வந்து நின்ற ஷேர் ஆட்டோவைக் காட்டினாள்.

"அந்தப் பாத்திரத்துல அவங்க ஊத்தறது பியூட்டைல் புரோமைடு. நாலு கார்பன், ஒன்பது ஹைட்ரஜன், ஒரு புரோமின். அப்புறம் காரத்தைச் சேர்ப்பாங்க. நாலு கார்பனும் நேர் வரிசையா இருந்து, புரோமின் ஓரத்துல இருந்தா அது அந்த ஆட்டோவுல ஓரத்துல உக்காந்திருக்கற அம்மா மாதிரி. பாரு."

அந்த அம்மா இறங்கினாள். காத்திருந்த இளைஞன் அதே இடத்தில் ஏறி உட்கார்ந்தான். ஆட்டோ அலுங்கவே இல்லை.

"காரம் வந்து புரோமின் இடத்துல உக்காந்துக்கும். பதிலீட்டு வினை. கேஸ் எதுவும் வராது. இப்ப அதே நாலு கார்பனை வேற மாதிரி அடுக்கு. ஒரு கார்பனைச் சுத்தி மூணு கார்பன் நெருக்கிக்கிட்டு நிக்குது. அந்த நடுக் கார்பன் மேல புரோமின். இது மூவிணையம். காரத்தால உள்ள நுழைய முடியாது. அப்ப அது என்ன செய்யும்?"

"ஓரமா உக்காந்திருக்கறவன் பையைப் புடிச்சு இழுக்கும்."

ஏலவார்குழலி அவனை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தாள். "அதேதான். ஓரத்துல இருக்கற ஹைட்ரஜனைப் பிடுங்கும். அந்த இழுப்புல நடுவுல இருக்கற புரோமின் கழண்டு வெளிய விழும். மிச்சம் இருக்கறது கேஸ். இதுக்குப் பேரு நீக்கல் வினை. அது நடக்கறப்ப தானாவே சூடேறும், சூடேற ஏற கேஸ் இன்னும் வேகமா வரும். ஸ்டீமே வேணாம்."

"கேஸ் வந்தா வெளிய போறதுக்கு வால்வு இருக்கணுமே மேடம்?"

"இருந்துச்சு. நாத்தம் வெளிய போனா அக்கம்பக்கத்துல புகார் வருதுன்னு கம்பெனியே அதை இறுக்கி மூடி வச்சிருந்தாங்க. வழக்கமான சரக்கு ஓடற வரைக்கும் அதோட ஆபத்து தெரியாது. கேஸ் வராத சரக்குதானே."

தாண்டவராயனுக்குப் பசி போய்விட்டது. "அப்ப அன்னைக்கு உள்ள போனது வழக்கமான சரக்கு இல்ல."

"அவங்க ஸ்டோர் மூலையில தூசிக்கு நடுவுல சுத்தமா ஒரு வட்டம் இருந்துச்சு, பார்த்தியா? ரொம்ப நாளா நின்ன ஒரு டிரம்மை யாரோ எடுத்திருக்காங்க. அந்தக் காலி டிரம் எனக்கு வேணும். எங்க போயிருக்கும்?"

இந்தக் கேள்விக்கு மட்டும் எம்.எஸ்ஸி. தேவையில்லை. தாண்டவராயன் மறைமலை நகரில் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து, சூப்பர்வைசரிடம் வாய் கொடுத்து வெளியே வந்தவன்.

"காலி டிரம் கம்பெனியில தங்குமா மேடம்? லாரித் தண்ணியைப் புடிச்சு வைக்க எல்லா வூட்டுக்கும் டிரம் வேணும். பசங்க முறை வச்சு எடுத்துகினு போவாங்க. இந்த டிரம் உனக்கு, அடுத்தது எனக்குன்னு. முறையில கை வச்சா அடிதடிதான். அன்னிக்கு மத்தியானம் அருள்பாண்டி ஒரு டிரம்ம பைக்ல கட்டிகினு வூட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தான்னு வாட்ச்மேன் சொன்னாரு."

ஏலவார்குழலி டீயைக் குடிக்காமலே எழுந்தாள். "அப்ப அது அவன் பொண்டாட்டிகிட்ட இருக்கு."

"மேடம், அந்தப் பொண்ணுதான் மாரிசெல்வம் மேல புகார் குடுத்திருக்கற பொண்ணு. விளக்குமாறு எடுத்துகினு வரும்."

"ஹெல்மெட் போட்டுக்கோ" என்றாள் ஏலவார்குழலி.

* * *

வடக்குப்பட்டில் வாடகைக்கென்றே கட்டிய வரிசை வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு நீல டிரம்.

"போலீஸ் ஸ்டேஷன்ல அடையாள அணிவகுப்பு வச்ச மாதிரி நிக்குதுங்க மேடம். இதுல எவன் குற்றவாளின்னு கண்டுபுடிக்கறது?"

வீட்டுக்காரம்மா சுந்தராம்பாள் முதல் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அருள்பாண்டியின் மனைவியைப் பார்க்க வேண்டும் என்றதும் கீரைக்கட்டைக் கீழே வைத்தாள்.

"கனிஷ்காவா? இன்னிக்கு சாயங்காலம் ஊருக்குப் போவுது. போவட்டும்மா. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா வந்த அன்னிக்கே கோலம் பொங்குச்சின்னா இன்னா அர்த்தம்?"

"கோலம் பொங்கிச்சா?"

"கண்ணாலம் ஆகி மொத மொதல்ல இந்த வூட்டுக்கு வந்துச்சி. காலையில வாசல்ல கோலம் போட்டுச்சி. மத்தியானம் அந்தப் புள்ள அருள்பாண்டி டிரம்ம எடுத்தாந்து வச்சிட்டுப் போச்சி. இது கழுவி வாசல்ல ஊத்துச்சி. கோலத்து மேல தண்ணி பட்டதும் புஸ்ஸுனு நுரைச்சிகினு வந்துச்சிம்மா. என் வயசுக்கு நான் அப்டிப் பாத்ததே இல்ல. சாயங்காலம் சேதி வந்துச்சி. எல்லாம் அவ அவ ராசி."

"உங்க டிரம்மும் அதே கம்பெனியில வந்ததுதானா?"

"அந்தப் புள்ளதான் குடுத்துச்சி, பாவம். கழுவும்போது நாத்தம் அடிச்சிது, அவ்ளோதான். கோலமெல்லாம் பொங்கல."

தாண்டவராயனுக்கு அந்தக் கிழவி மேல் கோபம் கோபமாக வந்தது. புருஷனைப் பறிகொடுத்த பெண்ணிடம் இந்த ராசிக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ. ஆனால் ஏலவார்குழலியின் கண்கள் மின்னின. அவளுக்கு வேண்டிய சாட்சி ஒரு வாசல்படியில் நுரைத்துவிட்டுப் போயிருந்தது.

கனிஷ்கா கடைசி வீட்டில் இருந்தாள். சின்னப் பெண். கட்டிய பைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள். யார் அனுப்பி வந்தவர்கள் என்று கேட்டாள். ஏலவார்குழலி மறைக்கவில்லை.

"அந்தக் கொலகாரனுக்காகவா வந்தீக?" குரல் உயரவே இல்லை. "அவுக எவ்வளவு நம்புனாக தெரியுமா அவன? அவன் ஸ்டீமக் கூட்டுனதுதான் காரணம்னு கம்பெனி மேனேஜரு எல்லாத்தையும் சொல்லிட்டாரு. எனக்குப் பேசுறதுக்கு ஒண்ணுமில்ல, போங்க."

"மாரிசெல்வத்தைப் பத்திப் பேச வரலைம்மா. உன் கோலத்தைப் பத்திப் பேச வந்தேன்."

கனிஷ்காவின் முகம் வெளிறியது. அவள் சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள். வீட்டுக்காரம்மா சொன்னதை அவள் முழுதாக நம்பியிருக்கிறாள் என்பது பார்த்தாலே தெரிந்தது. அது தாண்டவராயனைச் சுட்டது.

டிரம் மூலையில் இருந்தது. அன்றைக்கு ஒரு தடவை அலசியதோடு சரி, பிறகு யாரும் தொடவில்லை. ஏலவார்குழலி மூடியைத் திருகி, அடியில் கிடந்த மிச்சத் தண்ணீரை ஒரு டம்ளரில் சாய்த்தாள். கோலமாவு டப்பாவிலிருந்து ஒரு பிடி எடுத்து வாசல்படியில் கொட்டி, அதன் மேல் தண்ணீரை ஊற்றினாள். மாவு புஸ்ஸென்று நுரைத்துக் கிளம்பியது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சுந்தராம்பாள் இரண்டடி பின்னால் போனாள்.

"இப்ப உங்க டிரம்முத் தண்ணியில கொஞ்சம் கொண்டாங்கம்மா."

அது ஊற்றியபோது மாவு நனைந்தது. வேறொன்றும் ஆகவில்லை.

"பாரும்மா கனிஷ்கா. வழக்கமா அந்தக் கம்பெனியில வர்ற சரக்கு தண்ணி பட்டா சட்டுனு ஒண்ணும் செய்யாது. புரோமினை இறுக்கிப் பிடிச்சிக்கும். இந்த டிரம்முல இருந்தது வேற ஜாதி. தண்ணி பட்டாலே புரோமினை விட்டுடும், தண்ணி அமிலமாயிடும். கோலமாவு சுண்ணாம்புக்கல்லுல அரைக்கறது. அமிலம் பட்டா நுரைக்கும். நான் போட்ட கோலமா இருந்தாலும் நுரைச்சிருக்கும். இந்த அம்மா போட்டிருந்தாலும் நுரைச்சிருக்கும்."

"அப்ப... நான் வந்ததுனால இல்லையாக்கா?"

"ராசியெல்லாம் இதுல ஒண்ணும் இல்ல. கெமிஸ்ட்ரிதான்."

கனிஷ்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒருவர் முழுதாக மூச்சு விட்டது போலிருந்தது. சுந்தராம்பாள் தலையைக் குனிந்துகொண்டு தன் வாசலுக்குப் போய்விட்டாள். அத்தோடு ஏலவார்குழலி நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு முடிச்சு அவிழ்ந்துவிட்டால் அடுத்ததை அவிழ்க்காமல் அவளால் இருக்க முடியாது. அது அவள் தொழிலுக்கு நல்லது. மற்றபடி யாருக்கும் அவ்வளவு நல்லதில்லை.

"ஒண்ணுதான் எனக்குப் புரியல. இது ஏதோ புதுச் சரக்கு செஞ்சு பார்க்கறதுக்கு வாங்கி, மூலையில போட்டு வச்ச டிரம். அதே நீலம், அதே சப்ளையர். வேற சரக்குன்னு பசங்களுக்கு யாரும் சொல்லலை. சரி. ஆனா முன்னால வரிசையா டிரம்முங்க நிக்கும்போது, மாரிசெல்வம் எதுக்கு மூலைக்குப் போய் இதை உருட்டிக்கிட்டு வரணும்?"

தாண்டவராயனுக்குப் பளிச்சென்று புரிந்தது. வரிசையில் நிற்கும் டிரம்முக்கு முறை உண்டு. மூலையில் நிற்கும் டிரம்முக்கு எந்த முறையும் கிடையாது. அதைக் காலி செய்தால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள், வேண்டியவனிடம் கொடுத்துவிடலாம்.

"மேடம், வண்டி வெயில்ல நிக்கிது. சீட்டு வெடிச்சிடும், வாங்க" என்று அவசரமாகச் சொன்னான்.

"இரு தாண்டவம்."

"அவுகளுக்கு முறை வரலைக்கா" என்றாள் கனிஷ்கா.

இருவரும் திரும்பினார்கள்.

"அடுத்த மாசந்தான் முறைன்னாக. நாந்தான் போன்ல சண்டை போட்டேன். தண்ணி பிடிச்சு வைக்க ஒரு டிரம்முகூட இல்லாத வீட்டுக்கு என்னயக் கூட்டியாந்து என்ன செய்யப் போறீகன்னு கேட்டேன். மறுநா போன் போட்டாக. மாரிண்ணே எப்படியாச்சும் ஒண்ணு பாத்துத் தாரேன்னுட்டாரு, நீ கிளம்பி வான்னாக." அவள் டிரம்மைப் பார்த்தாள். "முறையில சேராத டிரம்மு. அதான் அதை எடுத்தாரா? எனக்காகத்தானா?"

ஏலவார்குழலிக்கு அப்போதுதான் உறைத்தது. மாரிசெல்வம் எதற்காகப் பொய் சொன்னான், எதற்காக வக்கீல் வேண்டாம் என்றான், எல்லாம் ஒரே நொடியில் விளங்கிற்று. எதை இந்தப் பெண் காதில் விழவிடக் கூடாது என்று அவன் ஜெயிலுக்குப் போகத் துணிந்தானோ, அதைத் தன் சாமர்த்தியத்தால் அவள் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து போட்டுவிட்டாள். ராசியில்லை என்று சொல்லித் தூக்கிவிட்ட கையாலேயே இந்தப் பெண்ணை அதைவிடப் பெரிய பள்ளத்தில் தள்ளியாகிவிட்டது.

  

"கனிஷ்கா" என்றாள் ஏலவார்குழலி.  "நீ ஊருக்குப் போம்மா. டிரம் போதும் எனக்கு. உன்னை யாரும் எதுவும் கேட்காம நான் பார்த்துக்கறேன்."

அது பொய் என்பது தாண்டவராயனுக்குத் தெரியும். இந்த டிரம் அன்றைக்கு மத்தியானம் இந்த வீட்டுக்கு வந்தது என்று சொல்ல இவளை விட்டால் ஆளில்லை. சொன்னால் கம்பெனியின் கதை உடையும். ஆனால் ஏன் வந்தது என்றும் நாலு பேர் முன்னால் இவள்தான் சொல்ல வேண்டும்.

 கனிஷ்கா எழுந்து டிரம்மின் மூடியை இறுக்கினாள்.

"அது பேசாதுக்கா. நான் வாறேன்."

* * *

ஆஸ்பத்திரி வாசலில் கான்ஸ்டபிள் தடுத்தார். தாண்டவராயன் வாயைத் திறப்பதற்குள், "நாந்தான் இவரு மேல புகார் குடுத்தவ. மாத்திச் சொல்லணும். அதுக்கு முன்ன அவரைப் பாக்கணும்" என்றாள் கனிஷ்கா. அவர் அவளை ஒரு முறை பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். பேசி முடித்ததும் வழிவிட்டார். பெஞ்சில் யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்த பூமாரி ஒன்றும் விளங்காமல் பின்னாலேயே வந்தாள்.

மாரிசெல்வத்தின் இரண்டு கைகளும் முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தன. எரிகிற ஷெட்டுக்குள் போய் அருள்பாண்டியை இழுத்து வந்த கைகள் அவை. கனிஷ்காவைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"தாயி, என்னய மன்னிச்சிரு. ஸ்டீம நான் கவனிக்காம..."

"ஸ்டீமே இல்லண்ணே அன்னைக்கு."

எழப் பார்த்தவன் மறுபடி தலையணையில் சாய்ந்தான்.

"டிரம்ம வெளிய ஆட்டோவுல வச்சிருக்கேன். எதுக்கு அத எடுத்தீகன்னும் தெரியும்."

மாரிசெல்வம் ஏலவார்குழலியைப் பார்த்தான். அவ்வளவு வெறுப்பான பார்வையை அவள் எந்தத் திருடனிடமும் கண்டதில்லை.

"உங்கள யாருக்கா தோண்டச் சொன்னா? நான் ஒத்துக்கிட்டேன்லா? அதோட விட்டிருக்கலாம்லா?"

 

"அவுகளத் திட்டாதீக" என்றாள் கனிஷ்கா. "நாளைக்கு நீங்க ஸ்டீமுன்னு சொன்னீகன்னா, நானும் அங்கதான் நிப்பேன். டிரம்முன்னு சொல்லுவேன். அந்த டிரம்ம ஒரு வார்த்தை சொல்லாம மூலையில போட்டு வச்சவுக, வால்வ மூடி வச்சவுக, அவுக பதில் சொல்லட்டும். உங்களப் பழி சொல்லிக்கிட்டே என்னயக் காலம்பூராத் திரிய விட்டிருப்பீகளாண்ணே?"

"நீ உன்னயப் பழி சொல்லிக்கக் கூடாதுன்னுதான் தாயி."

"சொல்லிக்கத்தான் செய்வேன். நீங்களும் சொல்லிக்குவீக. தனித்தனியா எதுக்கு?"

மாரிசெல்வம் அவள் பக்கம் திரும்பினான். "டிரம்ம வீட்டுல வச்சிட்டுத் திரும்பி வந்தான் பாரு தாயி, அப்படி ஒரு சிரிப்பு. வீடு இப்பத்தான்டா வீடா இருக்குன்னான். என்னக் கட்டிப் பிடிச்சிக்கிட்டான். நானும் சிரிச்சேன்."

கனிஷ்கா அதைக் கேட்டபடியே நின்றாள். கடைசியாகப் புருஷன் சிரித்த கதையை அவளுக்கு இதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே" என்றாள்.

அவன் மறுபடி முதலிலிருந்து சொன்னான். அருள்பாண்டி வண்டியை எங்கே நிறுத்தினான், எப்படி ஓடி வந்தான், என்ன சொன்னான் என்று ஒன்று விடாமல் சொன்னான். சொல்லும்போதே கண்ணீர் வழிந்து கழுத்தில் இறங்கியது. கட்டுப் போட்ட கைகளால் அவனால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. கனிஷ்கா கட்டிலோரம் உட்கார்ந்து, தன் துப்பட்டாவால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.